கஞ்சில் அளவு இன்ஜினில் பந்தயக் கார்: கோவை கரிவரதனின் கதை தெரியுமா?

பினாங்கில் வளர்ந்த உங்களுக்கு கஞ்சில் காரைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. 1994இல் வந்த குட்டி வண்டி. மூன்று சிலிண்டர், 660 சிசி இன்ஜின். உங்கள் அம்மாவோ மாமாவோ அதில்தான் கார் ஓட்டப் பழகியிருப்பார்கள். அந்த அளவு இன்ஜினை வைத்து ஒருவர் பந்தயக் கார் செய்தார் என்றால் நம்புவீர்களா? "சும்மா கதை விடாதே" என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆனால் நடந்தது உண்மை. இடம் தமிழ்நாட்டின் கோயம்புத்தூர். செய்தவர் எஸ். கரிவரதன். பந்தய வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'கரி'தான்.

யார் இந்த கரிவரதன்?

1954இல் பிறந்தவர். கோவையில் 1910இல் தொடங்கப்பட்ட லட்சுமி மில்ஸ் நிறுவனத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். பஞ்சாலை நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவருக்கோ மனசெல்லாம் இன்ஜின், வேகம், பந்தயம். தானே கார் ஓட்டினார். அதோடு நிற்காமல், கார்களைப் பிரித்துப் போட்டு மாற்றிக் கட்டும் வேலையிலும் இறங்கினார்.

அன்றைக்குத் தென்னிந்தியப் பந்தயத்தின் மையம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. செப்பாங் போலப் பந்தயத்துக்கென்றே கட்டிய பாதை இல்லை. போர் முடிந்து சும்மா கிடந்த ஓடுதளத்தில் கார்களும் பைக்குகளும் சீறின. அதைப் பார்க்கப் பெரும் கூட்டம் கூடியது.

பிரச்சினை என்ன?

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கால இந்தியாவில் வெளிநாட்டிலிருந்து காரோ உதிரிப்பாகமோ கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு பக்கம், கடுமையான வரி இன்னொரு பக்கம். உண்மையான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வேண்டுமென்றால் பெரும் பணக்காரராக இருக்க வேண்டும். மற்றவர்கள் பியட், அம்பாசடர் மாதிரியான வீட்டுக் கார்களை மாற்றியமைத்துத்தான் ஓட்டினார்கள்.

அப்படியானால் ஜெயிப்பது யார்? பல நேரங்களில் நல்ல ஓட்டுநர் இல்லை, நல்ல கார் வாங்க முடிந்தவர்தான். திறமை இருந்தும் காசு இல்லாத பையனுக்கு வழியே இல்லை.

மாருதி தந்த விடை

1983 டிசம்பரில் இந்தியச் சாலைகளுக்கு மாருதி 800 வந்தது. ஜப்பானின் சுசுகி தொழில்நுட்பம், 796 சிசி, மூன்று சிலிண்டர். 40 குதிரைத் திறனைக்கூட எட்டாத இன்ஜின். சந்தைக்குப் போய்வர வாங்குகிற வண்டி. ஆனால் விலை குறைவு, உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். கரி பார்த்தது இதைத்தான்.

1980களின் இறுதியில் அவர் உருவாக்கியதுதான் 'பார்முலா மாருதி'. யோசனை எளிமையானது. மாருதி 800இல் இன்ஜினும் கியர்பாக்சும் முன்னால் ஒரே தொகுப்பாக இருக்கும். அந்தத் தொகுப்பை அப்படியே எடுத்து, இரும்புக் குழாய்களால் கட்டிய சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்த வேண்டும். முன்சக்கரங்களைச் சுழற்றிய இன்ஜின் இப்போது பின்சக்கரங்களைச் சுழற்றும்.

கதவு, கூரை, பின்சீட்டு எதுவும் கிடையாது. மாருதி 800இன் எடை சுமார் 650 கிலோ. தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டால் அதே சின்ன இன்ஜின் மிக லேசான உடலைத்தான் இழுக்க வேண்டும். எடை குறைந்தால் வேகம் எடுப்பதும் சீக்கிரம், பிரேக் பிடிப்பதும் சீக்கிரம். தரையோடு தரையாகப் படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுவதால் வளைவில் நிலைத்தன்மையும் கூடும்.

இன்னொரு லாபமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்றால், யார் முன்னால் வருகிறார் என்பதைப் பர்ஸ் தீர்மானிக்காது. கையும் காலும் கண்ணும்தான் தீர்மானிக்கும்.

யார் பயன்பெற்றார்கள்?

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை திறந்தது. சில ஆண்டுகளில் அங்கே ஒரு கோவைப் பையன் பார்முலா மாருதி ஓட்ட வந்தான். முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவன். பெயர் நரேன் கார்த்திகேயன். கரி அவருக்கு வழிகாட்டியாக இருந்தார்.

1995இல் நரேன் பார்முலா ஆசியா தொடருக்குப் போனார். மலேசியாவில் நடந்த பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். மறு ஆண்டு அந்தத் தொடரின் சாம்பியன் பட்டமே அவர் கையில்.

ஆனால் அந்தப் பட்டத்தைப் பார்க்க கரி இல்லை. இன்ஜின் மீதிருந்த ஆசை அவரை வானத்துக்கும் அழைத்துப் போயிருந்தது. 1995இல் ஒரு விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். வயது 41.

பத்தாண்டு கழித்து, 2005 மார்ச் 20. இடம், பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் நீங்களும் போய்விடக்கூடிய செப்பாங். பார்முலா ஒன் பந்தயத்தில் கால்வைத்த முதல் இந்தியரான நரேன், ஜோர்டான் அணிக்காக ஓட்டி 11ஆவது இடத்தில் முடித்தார். அன்று திரையில் பார்த்த பலருக்கு, அந்தப் பாதை 796 சிசி இன்ஜினில் தொடங்கியது என்று தெரிந்திருக்காது.

இன்று என்ன மிச்சம்?

கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளப் பந்தயப் பாதை இருக்கிறது. பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. உள்ளூர் கார் இன்ஜினை வைத்து விலை குறைந்த ஒற்றை இருக்கைக் கார் கட்டும் பழக்கமும் அந்த ஊரில் தொடர்ந்தது.

உலகின் மிகப் பழைய நீடித்த பந்தயமான லெ மான் 24 மணி நேரம் 1923இல் தொடங்கியது. அதில் ஓர் இந்தியர் போட்டியிட 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையின் கருண் சந்தோக்கின் அணி அந்த ஆண்டு ஆறாவதாக வந்தது. அவரும் 2000இல் இந்திய உள்நாட்டுப் பந்தயத்தில் தொடங்கியவர்தான்.

கரி பெரிய கோப்பைகளால் நினைவில் நிற்பவர் இல்லை. உலகின் வேகமான காரையும் அவர் கட்டவில்லை. பணம் இல்லாதவர்களும் வரிசையில் வந்து நிற்கக்கூடிய ஒரு காரைக் கட்டினார். மற்றதை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.