ஒற்றியூர் வழியில் கிடைத்த நாயகர்கள்

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. 1972-இல் 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியபோது, மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகனைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள் பலர். இந்தக் கதைகள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அன்றைய பெற்றோர் அஞ்சினர். அப்பிள்ளைகள் இன்று தாத்தாக்களாகி, பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் காணும் சூப்பர் ஹீரோக்களைப் பற்றி அதே அச்சத்தை வெளியிடுகின்றனர்.

சிறுவயதில் மனத்தைப் பறிகொடுத்த நாயகர்கள் பின்னாளில் ஒருவரை என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு, வடசென்னையிலேயே ஒரு விடை இருக்கிறது. சித்திரக்கதைகள் தமிழுக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்த ஒரு சிறுவனின் வாழ்க்கை அது. அச்சிறுவனைப் பின்னாளில் உலகம் வள்ளலார் என்று அழைத்தது.

இராமலிங்கர் 1823 அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் இராமையா - சின்னம்மை தம்பதியின் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாய் தன் பிள்ளைகளுடன் பொன்னேரிக்கு அருகிலுள்ள தன் பிறந்த ஊருக்குச் சென்று, பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மூத்த மகன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து ஈட்டிய வருவாயில் குடும்பம் நடந்தது. மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லாத, கேட்போரின் கையை நம்பிய பிழைப்பு அது.

தம்பியைப் படிக்க வைக்க அண்ணன் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. பள்ளிப் பாடத்தில் மனம் பற்றாத சிறுவன் கந்தகோட்டத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் சினந்து வீட்டுக்குள் விடக்கூடாது என்று கட்டளையிட, அண்ணி பாப்பாத்தி அம்மாள் அவருக்குத் தெரியாமல் சோறிட்டதாக வரலாறு கூறுகிறது. பசியையும், பசித்தவருக்கு மறைவாகச் சோறிடும் கையையும் அவர் முதலில் தம் வீட்டிலேயே கண்டார்.

ஆனால், பள்ளியில் கிடைக்காத ஒன்று அந்த வீட்டில் நிறைந்திருந்தது. அது கதை. அண்ணனின் தொழிலே பெரியபுராணம் சொல்வதுதான். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய அந்நூல் அறுபத்துமூன்று அடியார்களின் வரலாறு. பக்தியோடு படிப்போருக்கு அது திருத்தொண்டர் புராணம்; ஒரு சிறுவனின் கண்ணுக்கோ அதில் வியப்புகளுக்குக் குறைவில்லை. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட நாவுக்கரசர் அக்கல்லையே தெப்பமாக்கிக் கரையேறுகிறார். மயிலாப்பூரில் குடத்திலிருந்த சாம்பலும் எலும்பும் சம்பந்தரின் பாட்டில் உயிர்பெற்றுப் பெண்ணாகி எழுகின்றன. சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத மூன்று வயதுக் குழந்தை, ஞானப்பால் உண்ட அன்றே பாடத் தொடங்கிவிடுகிறது.

அந்தக் குழந்தை நாயகனே இராமலிங்கருக்கு ஆதர்சம். சம்பந்தரைத் தம் குருவாகவே அவர் வரித்துக்கொண்டார். 'ஆளுடைய பிள்ளையார் அருள்மாலை' அந்த அன்பின் சான்று. ஒருநாள் அண்ணன் உடல்நலமின்றிப் படுத்தபோது, சோமு செட்டியார் வீட்டுச் சொற்பொழிவுக்கு இரண்டு பாடல் பாடிவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார் என்றும், சென்ற சிறுவன் நள்ளிரவு வரை விளக்கம் சொல்லி அவையோரைக் கட்டிப்போட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளையைக் கதை கைவிடவில்லை.

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர் ஏழெட்டு கிலோமீட்டர். இளமையில் பல ஆண்டுகள் அவ்வழியே நடந்து சென்று தியாகராசரையும் வடிவுடையம்மனையும் வழிபட்டார். அந்த ஊரும் அவருடைய கதைப் புத்தகத்தின் ஒரு பக்கம்தான். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், பிரியேன் என்று மகிழமரத்தடியில் செய்த சத்தியத்தை மீறிக் கண்ணொளி இழந்ததும் அங்கேதான். கலிய நாயனார் என்ற எண்ணெய் வாணிகரின் ஊரும் அதுவே. செல்வமெல்லாம் கோயில் விளக்குக்கே செலவாகிவிட, அவர் பிறருடைய செக்கில் கூலிக்கு உழைத்து விளக்கேற்றினார். கூலி வேலையும் கிடைக்காமற்போன நாளில் தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தார். கல்லை மிதக்க வைக்கும் ஆற்றல் எதுவும் இல்லாத, வேலையிழந்த தொழிலாளி அவர். தொழிற்பேட்டைகள் நிறைந்த இன்றைய திருவொற்றியூரில் அந்த நாயகரை அடையாளம் காண்பது கடினமன்று.

அவ்வழியில் வேறொன்றும் இருந்தது. ஏழுகிணற்றுக்குச் சற்று வடக்கே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம். கஞ்சித்தொட்டி என்று மக்கள் அழைத்த அந்த இடத்தில் உருவான மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு மூலம். இராமலிங்கருக்குப் பத்து வயதாகும்போது, 1833-இல், குண்டூர்ப் பகுதியைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. கதைகளில் கேட்ட பசியும் தெருவில் தெரிந்த பசியும் ஒன்றே என்று உணர்வதற்கு வடசென்னையைவிடப் பொருத்தமான பள்ளி அவருக்கு வாய்த்திருக்க முடியாது.

பொருளியல் மாணவன் என்ற முறையில், பெரியபுராணத்தின் ஒரு நிகழ்ச்சி என்னை எப்போதும் ஈர்த்து வந்துள்ளது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் நாவுக்கரசருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு தருகிறார். நெல்மழை பொழியவில்லை, காசுதான் தருகிறார். அக்காசைக் கொண்டு கடைத்தெருவில் பண்டம் வாங்கி அடியாருக்கு அமுது படைக்கிறார்கள். அப்படியானால் பஞ்சத்திலும் கடையில் தானியம் இருந்தது. மக்களிடம் வாங்கும் சக்தி இல்லை. பஞ்சம் என்பது பெரும்பாலும் உணவின் பற்றாக்குறையன்று, உணவைப் பெறும் உரிமையின் இழப்பு என்று அமர்த்திய சென் 1981-இல் எழுதியதன் சாயலை இக்கதையில் காணலாம். சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர் வட்டம் பிடித்ததையும், நாவுக்கரசரின் காசு முழு மதிப்புக்குச் சென்றதையும் சேக்கிழார் சொல்கிறார். நாவுக்கரசர் உடலால் உழைத்துத் தொண்டு செய்தவர் என்பதே அவர் தரும் காரணம்.

1854-இல் இராமலிங்கர் எழுதிய 'மனுமுறை கண்ட வாசகம்' இந்தக் கதைப்பற்றின் கனி. கன்றைத் தேரேற்றிக் கொன்ற தன் மகனுக்கு மரண தண்டனை விதிக்கத் துணிந்த சோழனின் கதை பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே வருவது. அதைப் பலரும் படிக்கும் உரைநடையில் அவர் எழுதினார். அரசன் தான் என்ன பாவம் செய்தோம் என்று கலங்கித் தன்னையே கேட்டுக்கொள்ளும் நீண்ட பட்டியல் அந்நூலின் உயிர்நிலை. வேலை வாங்கிக் கூலியைக் குறைத்ததும், பசித்தவர் முகம் பாராதிருந்ததும், ஏழைகளின் வயிறெரியச் செய்ததும் கொலைக்கும் களவுக்கும் இணையான பாவங்களாக அதில் இடம்பெறுகின்றன. அரசனின் வீரத்தை அவர் விரித்துரைக்கவில்லை. அவன் மனச்சான்றையே விரித்துரைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1856-இல், தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டபோது அவர் சென்னையில்தான் இருந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நகரைவிட்டு நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார்.

1866-இல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் பஞ்சம் பரவியது. மறு ஆண்டு மே 23-ஆம் நாள், பார்வதிபுரம் மக்கள் அளித்த 80 காணி நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருபவரின் சாதி, சமயம், நாடு, நடத்தை எதையும் கேட்காமல் உணவிட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. பத்தே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு தொகையும் போதும் என்று கூலியை வெட்டினார். தகுதியைச் சோதித்து உணவளிக்கும் அரசும், பசியையே தகுதியாகக் கொண்ட அடுப்பும் ஒரே காலத்தில் ஒரே மாகாணத்தில் இருந்தன.

இந்த வாழ்க்கையின் வியப்பான திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. 1873 அக்டோபர் 22-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றி ஆற்றிய பேருபதேசத்தில், வேதங்களிலும் ஆகமங்களிலும் புராணங்களிலும் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று தம்மவரைக் கேட்டுக்கொண்டார். சைவத்தின்மீது தமக்கு இருந்த பற்று அளவிட முடியாதது என்பதை அவர் மறைக்கவில்லை. தம் பழைய பாடல்களே அதற்குச் சாட்சி என்றார். அப்போது தமக்கு இருந்த அறிவு சிறிது என்றும், தம்மை மேலே ஏற்றிவிட்டது தயவே என்றும் தெளிவாக்கினார். மூன்று மாதங்களில், 1874 சனவரி 30-ஆம் நாள், சித்திவளாகத்தின் அறைக்குள் சென்று கதவைத் தாளிட்டுக்கொண்டார்.

கந்தகோட்டத்தில் தொடங்கி ஒற்றியூர் வழியெங்கும் உடன் வந்த நாயகர்களை அவர் அன்று வெறுத்து ஒதுக்கினார் என்று நான் கருதவில்லை. ஏறிய பிறகு ஏணியைத் தோளில் சுமந்து திரிய வேண்டியதில்லை என்பதே அவர் உணர்த்தியது. கல் மிதந்ததையும் எலும்பு பெண்ணானதையும் அவர் பின்னே விட்டுச் சென்றார். படிக்காசில் வாங்கிய அரிசியையும், கூலிக்குச் செக்காட்டிய கையையும், அண்ணி மறைவாக இட்ட சோற்றையும் கடைசிவரை விடவில்லை.

எனவே பிள்ளைகளின் கையிலுள்ள சூப்பர் ஹீரோக்களைப் பிடுங்குவதால் பயன் இல்லை. நாயகனின் ஆற்றலில் மயங்காத குழந்தை உலகில் இல்லை. அந்த மயக்கம் வயதோடு தானே தெளியும். நாயகன் யாருக்காக அந்த ஆற்றலைச் செலவிட்டான் என்ற கேள்வியை நாம்தான் உடனிருந்து எழுப்ப வேண்டும். எழுப்பினாலும், கதை சொல்லும் வீட்டின் வாசலில் பசி நிற்கும்போது பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையே குழந்தை இறுதியில் கற்றுக்கொள்ளும். சபாபதியின் வீட்டில் கதை சொன்னவர் அண்ணன்; அக்கதையின் பொருளைச் சோறாக இட்டுக் காட்டியவர் அண்ணி. வடலூர் அடுப்புக்கு இருவருமே விறகு தந்தவர்கள்.