49 வயதில் ஓய்வு, 50 வயதில் திவான்

உத்தியோகத்தில் இருக்கும் நம்மவர்களில் பலர் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னும் எத்தனை வருஷம்? எப்போது ஊருக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் உட்காரலாம்? தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு இன்று ஓய்வு வயது 60. புதுக்கோட்டையில் பெரிய திவானாக இருந்து புகழ் பெற்ற சேஷய்ய சாஸ்திரியாருக்கோ அந்த வாய்ப்பு 49 வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் அது நிலைக்கவில்லை. அந்தக் கதைதான் இது.

சாஸ்திரியார் 1828-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கும்பகோணத்துக்கு அருகே அமராவதி என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சென்னைக்கு வந்து, பவுல் துரையிடம் ஆங்கிலக் கல்வி கற்றார். அதே ஆசிரியரிடம் படித்த இன்னொரு பிள்ளை மாதவராவ். பிற்காலத்தில் திருவாங்கூர் திவானாக இருந்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவர் அடுத்தடுத்து ஒரு பெரிய ராஜ்யத்தை நடத்தினார்கள் என்றால், அந்த ஆசிரியரையும் நினைக்காமல் இருக்க முடியாது.

சாஸ்திரியார் 1848-இல் சர்க்கார் வேலையில் சேர்ந்தார். கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். 1872-இல் மாதவராவ் விலகியதும் திருவாங்கூர் திவான் பதவி இவருக்கு வந்தது. அங்கே முதன்முதலாக முறையான ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது 1875-இல், இவர் காலத்தில்தான். ஐந்து வருஷம் திவானாக இருந்துவிட்டு, 1877-இல் பதவியை விட்டுக் கும்பகோணம் திரும்பினார்.

உழைப்பு இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர்ப்பக்கம், காவேரித் தண்ணீர், நல்ல பெயர். அதற்கு மேல் அவர் ஒரு வேலையும் செய்யாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் தெற்கே புதுக்கோட்டை சமஸ்தானம் தத்தளித்துக்கொண்டிருந்தது. ராமச்சந்திரத் தொண்டைமான் ராஜாவாக இருந்தார். அரண்மனைக் கடன் ஏறிக்கிடந்தது. ஆங்கில சர்க்காருக்கு ராஜாவின் மேல் அதிருப்தி. போதாக்குறைக்கு 1876 முதல் தென்னாட்டை வாட்டிய தாது வருஷத்துப் பஞ்சம் வேறு. சமஸ்தானத்தைத் தூக்கி நிறுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1878-இல் சாஸ்திரியாருக்கு அழைப்பு வந்தது. ஐம்பது வயது மனிதர் மறுபடியும் மூட்டை கட்டினார்.

அங்கே அவர் முதலில் கை வைத்தது அமானி முறையில். இன்றைய இளைஞர்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. குடியானவன் உழுவான், விதைப்பான், காவல் காப்பான். கதிர் முற்றியதும் அவன் இஷ்டப்படி அறுக்க முடியாது. சமஸ்தானத்து ஆட்கள் வந்து பார்க்க வேண்டும். களத்தில் நெல்லைப் பங்கு பிரித்து ராஜாவின் பங்கைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் வரத் தாமதமானால் நெல் வயலிலேயே கொட்டும். இடையில் இருப்பவர்கள் கையில் சிந்துவதும் ஒட்டுவதும் தனிக்கணக்கு. ராஜாவுக்கும் நஷ்டம், உழுதவனுக்கும் நஷ்டம். சாஸ்திரியார் இந்த முறையை எடுத்துவிட்டு, நிலத்துக்கு இவ்வளவு தீர்வை என்று பணமாகக் கட்டும்படி செய்தார். விளைந்ததை வேண்டிய நாளில் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது குடியானவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வயலில் நின்றவர்களே அறிவார்கள். நகரில் கட்டடங்கள் எழுந்தன, குளங்கள் தூர் வாரப்பட்டன.

வேலை முடிந்தது, இனிப் புறப்படலாம் என்ற கட்டத்தில் 1886-இல் ராஜா காலமானார். பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு வயது பத்து. சாஸ்திரியாருக்கு 58. சிறுபிள்ளையையும் ராஜ்யத்தையும் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? ராஜாவின் ஸ்தானத்தில் இருந்து ஆளும் ரீஜெண்டு பொறுப்பும் அவர் தலையில் ஏறியது. மேலும் எட்டு வருஷம்!

அந்த எட்டு வருஷத்தில், 1888-இல், பழைய படை மானிய நிலங்களின் சிக்கலைத் தீர்த்தார். சண்டையே இல்லாத காலத்திலும் சண்டைக்கு ஆள் தருவதாகச் சொல்லி அனுபவித்து வந்த நிலங்கள் அவை. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு கொடுக்கும் அம்மன் காசு 1889-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து யந்திரத்தில் அச்சாகி வந்ததும் இவர் நாளில்தான். பழைய வீடுகளின் பெட்டியடியில் இன்றும் அந்தச் சின்னச் செப்புக் காசு கிடைப்பதுண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் இருப்பாள்.

1894 நவம்பரில் இளவரசருக்கு வயது வந்து முழு அதிகாரமும் கைமாறியது. அந்த ஆண்டே சாஸ்திரியார் விலகிக்கொண்டார். வேலை பழகிவிட்டவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்; யோசனை சொல்ல ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி நாற்காலி அருகிலேயே நிற்பார்கள். இவர் கும்பகோணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பதினேழு வருஷத்துக்கு முன்னே கிடைத்த ஓய்வு 66 வயதில் இரண்டாம் தடவையாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த சமஸ்தானத்திலும் அவர் திவான் வேலை ஏற்கவில்லை.

ஒன்பது வருஷம் அப்படி இருந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை காமேசுவர ஐயர் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதி 1902-இல் வெளியிட்டார். தன் கதையைத் தானே படித்துப் பார்க்கும் அபூர்வ பாக்கியமும் அவருக்கு வாய்த்தது. மறு வருஷம், 1903 அக்டோபரில், 75-ஆம் வயதில் சேஷய்ய சாஸ்திரியார் காலமானார்.