புளோரன்ஸ் நைட்டிங்கேல்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் (மே 12, 1820 – ஆகஸ்ட் 13, 1910) நவீன செவிலியத்துக்கு அடித்தளமிட்ட ஆங்கிலேயச் செவிலியர், எழுத்தாளர், புள்ளியியலாளர் ஆவார். இவர் கைவிளக்கு ஏந்திய காரிகை எனப் பரவலாக அறியப்படுகிறார். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது செவிலியரின் கடமை என்பதைத் தம் நூலில் வலியுறுத்தினார்.

வாழ்க்கை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே இவருக்குச் சூட்டப்பட்டது. அக்கால இங்கிலாந்தில் மருத்துவமனைத் தாதியருக்குக் குடிப்பழக்கம் உடையோர், நம்பத்தகாதோர் என்ற அவப்பெயர் இருந்தது. ஆகவே இவர் அத்தொழிலை விரும்பியதைக் குடும்பத்தார் எதிர்த்தனர். எனினும் 1851 இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்று, 1853 இல் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான இல்லமொன்றின் கண்காணிப்பாளரானார். கிரிமியப் போரின்போது, 1854 இல், 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு இறந்த வீரர்களின் குடும்பத்தினருக்குக் கடிதங்களும் எழுதினார். 1860 இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் இவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

நோயாளியின் அந்தரங்கம்

1859 இல் எழுதிய செவிலியக் குறிப்புகள் என்ற நூல், வீட்டில் நோயாளிகளைப் பேணும் பெண்களையும் கருத்திற்கொண்டது. செவிலியர் நம்பிக்கைக்கு உரியவராக இருத்தல் வேண்டும், வம்பு பேசுதல் கூடாது என்று அதில் இவர் கூறுகிறார். நோயாளியைப் பற்றிக் கேட்போர் பலர் இருப்பினும், கேட்கும் உரிமை உடையோருக்கு மட்டுமே விடையளிக்க வேண்டும் என்பது இவரது கருத்து. நோயாளியின் அறையிலோ வாசலிலோ நின்று அவரைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவதையும் கண்டித்தார். அப்பேச்சைக் கேட்க முயன்று நோயாளி வருந்துவார் என்பதே அதற்குக் காரணம்.

தனிமனிதரின் செய்தியைக் காத்தல் என்பது நிர்வாகக் குறைகளை மறைத்தல் ஆகாது. போரில் காயங்களால் இறந்தோரைவிட நோய்களால் இறந்தோரே மிகுதி என்பதை, 1858 இல் மாதவாரியான இறப்பு எண்ணிக்கையைக் காட்டும் வட்ட வரைபடங்கள் மூலம் இவர் விளக்கினார். இறந்த வீரர்களின் பெயர்கள் அவ்வரைபடங்களில் இல்லை. எண்ணிக்கையும் காரணமும் மட்டுமே இருந்தன. இராணுவ மருத்துவமனைகளின் சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு இவரது ஆய்வுகள் துணைபுரிந்தன.

நைட்டிங்கேல் உறுதிமொழி

இவர் பெயரில் வழங்கும் உறுதிமொழியை இவரே எழுதினார் எனப் பலர் கருதுவதுண்டு. உண்மையில் அது 1893 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழுவால் இயற்றப்பட்டது. மருத்துவர்களுக்கான இப்போகிரட்டீசு உறுதிமொழியைத் தழுவிய இது, பணியின்போது அறிய நேரும் நோயாளியின் சொந்தச் செய்திகளையும் குடும்பச் செய்திகளையும் வெளியிடாமல் காக்கச் செவிலியரைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியச் செவிலியர் கல்லூரிகளிலும் விளக்கேற்றும் விழாவில் மாணவர்கள் இதனை ஏற்பது வழக்கம். பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953 இல் ஏற்ற ஒழுக்க நெறிகளிலும் இக்கடமை இடம்பெற்றது.

இறுதிக் காலம்

போரிலிருந்து திரும்பிய பின்னர் நீண்டகாலம் நோயுற்றிருந்த நிலையிலும் தொடர்ந்து எழுதினார். 1907 இல் பிரித்தானியாவின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். தமது 90 ஆவது வயதில் இலண்டனில் காலமானார். இவர் பிறந்த மே 12 ஆம் நாள் உலக செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.