அண்ணலின் தொடக்கப் பணிகள் புகட்டும் பாடம்

அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய மேதையாக அண்ணல் அம்பேத்கரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் பட்டங்களைக் கையில் ஏந்தியும் பிழைக்க வழியின்றித் தவித்த இளைஞர் பீமராவை நம்மில் பலர் அறியோம். கல்வி முடித்து வேலையை எதிர்நோக்கி நிற்கும் நம் சமுதாய இளைஞர்கள் முதலில் அறிய வேண்டியவர் அந்த இளைஞரே ஆவார்.

1891 ஏப்ரல் 14 ஆம் நாள் மௌ என்னும் படைநகரில் பிறந்த அவர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் பயின்று, 1912 இல் பம்பாயில் பி.ஏ. தேறினார். 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. ஊர் திரும்பிய மகன் அருகிருக்க, பிப்ரவரி 2 ஆம் நாள் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே மன்னர் அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்திற்கு அனுப்பினார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியாவிலிருந்து இலண்டன் சென்று பயின்றுகொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917 இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பிய அவர், ஒப்பந்தப்படி பரோடா சென்றார்.

அங்கே அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சியர் விடுதி ஒன்றில் தம் குலத்தை மறைத்துத் தங்க நேர்ந்தது. அலுவலகத்திலோ, கடைநிலை ஊழியரும் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தொலைவிலிருந்து அவர் மேசைமீது எறிந்தனர். குடிக்கத் தண்ணீரும் கிட்டவில்லை. பதினோராம் நாள் காலை, தடிகள் ஏந்திய பார்சியர் கூட்டம் விடுதியை விட்டு வெளியேறுமாறு மிரட்டியது. நண்பர் இருவரை நாடியும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் ஐந்து மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார்.

அவர் சோர்ந்து வீட்டில் முடங்கிவிடவில்லை. மாணவர் இருவருக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவர் குலம் இன்னதென்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருகை நின்றது. 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். தொடக்கத்தில் அவரைப் பொருட்படுத்தாத மாணவர்கள், அவர் புலமையை உணர்ந்ததும் ஆர்வமுடன் செவிமடுத்தனர். பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து கேட்டனர். ஆயினும் ஆசிரியர்களுக்கென வைத்த பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக பேராசிரியர் சிலர் எதிர்த்தனர். புலமை வகுப்பறையை வென்றது. தண்ணீர்ப் பானையை வெல்லவில்லை!

1920 ஜனவரியில் 'மூக்நாயக்' இதழ் அவர் முயற்சியால் வெளிவந்தது. கல்லூரிப் பணியில் இருந்தமையால் ஆசிரியர் பொறுப்பை வேறொருவர் பெயரில் வைக்க நேர்ந்தது. பிறர் கீழ் ஊதியம் பெறுபவன் தன் மக்களுக்காக வாய்திறப்பது எளிதன்று என்பதை நாம் இங்கே உணர்கிறோம்.

பேராசிரியர் ஊதியத்தை அவர் ஆடம்பரத்தில் கரைக்கவில்லை. பரேல் பகுதியில் சிறு குடியிருப்பில் சிக்கனமாக வாழ்ந்தார். அன்னை ரமாபாய் குடும்பச் சுமையைத் தாங்கினார். அச்சேமிப்புடன் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவியும், நண்பர் நவல் பதேனா தந்த கடனும் சேர, 1920 இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1922 இல் பாரிஸ்டராகவும், 1923 இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றவராகவும் உயர்ந்தார். பின்னர் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அங்கும் சாதி தடை செய்தது. ஆனால் எவரும் அவரைப் பணிநீக்கம் செய்ய இயலாது. 1924 இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவை நிறுவி மக்கள் பணியைத் தொடங்கியபோது அவரிடம் விளக்கம் கேட்க மேலதிகாரி எவரும் இல்லை.

இளைஞர்களே! வேலையில் அவமதிப்பு நேரின் அது உங்கள் தகுதிக் குறைவால் என்று எண்ணித் தளராதீர். கிடைத்த வேலையைத் திறம்படச் செய்யுங்கள். ஆனால் அதனையே கரையென்று எண்ணி நின்றுவிடாதீர். ஊதியத்தில் ஒரு பகுதி அடுத்த படிப்புக்கு ஆகட்டும். பரோடாவில் தங்க இடமின்றி அலைந்த அவரே 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த நம் சங்கமும் அவ்வழியில் நடப்பதே. உதவித்தொகை பெற்று உயர்ந்தவர்கள், பின்னே வரும் ஒரு மாணவனைக் கைதூக்கி விடுவீராக.