கற்சிலைமடுவின் கல்

கற்சிலைமடு வழியாகப் போகும்போதெல்லாம் அங்குள்ள நினைவுக்கல்லை நினைப்பேன். 1803 ஒக்டோபர் 31 இல் வொன் டிறிபேர்க் என்ற ஆங்கிலப் படைத் தளபதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று சொல்லும் கல் அது. வென்றவர்களின் கல். ஆனால் நாங்கள் அங்கே நினைப்பது தோற்றவனைத்தான்.

வன்னியர்கள் எப்போதும் பெரிய அரசுகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள். ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். மறுத்தபோது படை வந்தது. 1796 இல் ஒல்லாந்தரின் இடத்துக்கு ஆங்கிலேயர் வந்தனர். பண்டாரவன்னியன் அவர்களுக்குப் பணியவில்லை. கண்டியின் பக்கம் சேர்ந்தான். கண்டிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்ட 1803 இல், ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அங்கிருந்த படையினர் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பினர்.

அந்த வெற்றி இரண்டு மாதங்களே நிலைத்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என மூன்று பக்கத்தாலும் படைகள் வந்தன. காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது ஊர்வழக்கு. பண்டாரவன்னியனின் இறப்புப் பற்றி இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

அவன் நம்பிய கண்டியும் 1815 இல் வீழ்ந்தது. ஒரு பெரியவனை எதிர்க்க இன்னொரு பெரியவனை நம்ப வேண்டிய நிலை. அந்த நெருக்கடி எங்களுக்கும் புதிதல்ல. அதனால்தான் அந்தக் கல்லைக் கடக்கும்போது மனம் கனக்கிறது.