எட்வின் ஹப்பிளும் ஒரு நேர்க்கோடும்

இரவில் வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாதார் இலர். ஆயினும், அங்கு ஒளிரும் பொருள்கள் எத்துணைத் தொலைவில் உள்ளன, அவை நிலைத்து நிற்பனவா, இயங்குவனவா என்று அளந்தறிய முற்பட்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் எட்வின் ஹப்பிள். அவர் வரைந்த ஒரு நேர்க்கோட்டின் சாய்வு, பேரண்டத்தின் வயதையே கணக்கிட வழிகாட்டிற்று. அவர்தம் வாழ்வையும், அக்கோடு உணர்த்திய உண்மையையும் இப்பாடத்திற் காண்போம்.

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில், மார்ஷ்பீல்டு என்னும் சிற்றூரில், 1889ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள் ஹப்பிள் பிறந்தார். இளமையில் விளையாட்டிலும் கல்வியிலும் ஒருங்கே சிறந்து விளங்கினார். சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பயின்றபின், உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகருக்குச் சென்றார். மகன் சட்டம் பயிலவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அதற்கிணங்கி அவர் அங்குச் சட்டமே பயின்றார். 1913இல் தந்தையார் மறைந்தார். நாடு திரும்பிய ஹப்பிள் உயர்நிலைப் பள்ளியொன்றில் ஓராண்டு ஆசிரியராக இருந்தார். எனினும், அவர் உள்ளம் விண்மீன்களையே நாடிற்று. மீண்டும் சிக்காகோவை அடைந்து, 1917இல் வானநூல் ஆய்வினை முடித்தார். உடனே படையிற் சேர்ந்து, முதல் உலகப் போர் முடிந்து மீண்டபின், 1919இல் கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலை வான் ஆய்வுக்கூடத்திற் பணியேற்றார். அந்நாளில் உலகிலேயே பெரியதாகிய நூறு அங்குலத் தொலைநோக்கி அம்மலைமேல் இருந்தது.

வானத்தில் முகில்போல் மங்கித் தோன்றும் சில பொருள்கள் நம் பால்வீதிக்கு உட்பட்டனவா, அப்பாற்பட்டனவா என்பது அக்காலத்துப் பெரும் வழக்காக இருந்தது. ஒளி கூடியும் குறைந்தும் முறையே மாறும் செபீடு வகை விண்மீன்களின் மாறுகாலத்திற்கும் உண்மை ஒளிக்கும் தொடர்புண்டு என்பதை ஹென்ரியட்டா லீவிட் என்னும் அம்மையார் 1912இல் காட்டியிருந்தார். அத்தகைய விண்மீன் ஒன்றை ஹப்பிள் 1923ஆம் ஆண்டு அக்டோபரில் ஆன்டிரோமீடா முகிலிற் கண்டார். அதனையே அளவுகோலாகக் கொண்டு, அம்முகில் பால்வீதிக்கு வெகு தொலைவில் உள்ள தனியோர் அண்டம் என்று நிறுவினார்.

பின்னர் அவர் வேறொரு வினாவை எழுப்பினார். ஓர் அண்டம் நம்மை விட்டு விலகினால் அதன் ஒளிக்குறிகள் நிறமாலையின் சிவப்பு முனைப்பக்கம் ஒதுங்கும். வெஸ்டோ சிலைபர் என்பார் இவ்வாறு பல அண்டங்களின் வேகங்களை முன்னரே அளந்திருந்தார். கோவேறு கழுதைகளை ஓட்டி அம்மலைக்குப் பொருள்களைக் கொண்டுவரும் பணியில் தொடங்கி, உழைப்பால் வானநூல் அறிஞராக உயர்ந்த மில்ட்டன் ஹூமாசனும் ஹப்பிளுக்குத் துணைநின்றார். 1929இல் ஹப்பிள் 24 அண்டங்களின் தொலைவைக் கிடையச்சிலும் வேகத்தைக் குத்தச்சிலும் குறித்தார். புள்ளிகள் சற்றே சிதறியிருப்பினும், அவற்றின் ஊடே ஒரு நேர்க்கோடு தெளிவாகத் தோன்றிற்று. பெல்ஜிய நாட்டு அறிஞர் ழார்ழ் லெமைத்தர் இத்தொடர்பை 1927இலேயே எழுதியிருந்தார். ஆதலின் இவ்விதியை இருவர் பெயராலும் வழங்குமாறு உலக வானநூலார் கழகம் 2018இற் பரிந்துரைத்தது.

மாணவர்களே! இக்கோட்டின் சாய்வு உணர்த்துவது யாது? தொட்டியொன்றிற் குழாய்நீர் விழுவதாகக் கொள்வோம். நிமிடங்களைக் கிடையச்சிலும் நீரின் அளவைக் குத்தச்சிலும் குறித்தால் நேர்க்கோடு கிடைக்கும். நிமிடத்திற்கு 5 லிட்டர் விழின், ஒவ்வொரு நிமிடத்திற்கும் கோடு 5 லிட்டர் உயரும். அந்த ஏற்ற வீதமே சாய்வு. நீர் விரைந்து விழின் கோடு செங்குத்தாய் எழும். மெல்ல விழின் தாழ்ந்து செல்லும். அவ்வாறே ஹப்பிளின் கோடு, தொலைவு 33 இலட்சம் ஒளியாண்டு மிகுந்தோறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் மிகும் என்று காட்டிற்று.

இதனால் நாமே பேரண்டத்தின் நடுவில் உள்ளோம் என்று கருதலாகாது. இரப்பர்க் கயிறு ஒன்றில் சாண் இடைவெளியிற் பல முடிச்சுகள் இட்டு, அதனை இருமடங்கு நீளுமாறு இழுத்துப் பாருங்கள். எந்த முடிச்சில் நின்று நோக்கினும் அடுத்த முடிச்சு ஒரு சாணும், அதற்கடுத்தது இரு சாணும் விலகக் காணலாம். எவ்வண்டத்தில் இருந்து நோக்குவார்க்கும் அதே கோடுதான் கிடைக்கும்.

சாய்வைத் தலைகீழாக்கினால், அதாவது தொலைவை வேகத்தால் வகுத்தால், காலம் கிடைக்கும். 33 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவை அவ்வேகத்தில் கடக்க ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் வேண்டும். இருமடங்கு தொலைவில் உள்ளது இருமடங்கு வேகத்துடன் செல்வதால் அதற்கும் அதே காலந்தான். எனவே, அண்டங்கள் யாவும் 200 கோடி ஆண்டுகட்குமுன் ஒருங்கே செறிந்திருந்தன என்றாயிற்று. ஆனால், பாறைகளை ஆராய்ந்த நிலநூலாரோ, புவியின் வயது 300 கோடி ஆண்டு ஆகலாம் என்று 1940களிற் கணித்தனர். தாயினும் மகள் மூத்தவள் ஆதல் உண்டோ?

இச்சிக்கலை அவிழ்க்க முதல் வழி கண்டவர் வால்ட்டர் பாடே. ஒளிமாறும் அவ்விண்மீன்கள் இரு வகைப்படும் என்றும், ஒருவகைக்குரிய அளவை மற்றதற்குக் கொண்டமையால் தொலைவுகள் பாதியாகக் குறைந்து தோன்றின என்றும் அவர் 1952இல் அறிவித்தார். தொலைவு இருமடங்காகவே சாய்வு பாதியாயிற்று, வயது இருமடங்காயிற்று. கோடு நேராக இருந்தது மெய்யே. கிடையச்சின் அளவுகோல் பிழைபட்டதனால் சாய்வும் பிழைபட்டது.

இத்திருத்தம் வெளிவந்த மறு ஆண்டில், 1953ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், ஹப்பிள் இயற்கை எய்தினார். சிவப்பு ஒதுக்கத்திற்கு விரிவே காரணம் என்று துணிந்து கூறாது, அளந்ததை மட்டும் அளந்தபடி உரைக்கும் அடக்கம் அவர்பால் இறுதிவரை இருந்தது. 1990இல் விண்ணில் ஏவப்பெற்ற தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் துணையால் 2001இல் அறிஞர்கள் அச்சாய்வு 500 அன்று, 72 அளவினதே என்று கண்டனர். விரிவின் வேகம் காலந்தோறும் மாறியமையையும் கூட்டிக் கணித்து, பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என்று இன்று கொள்வர். புவியின் வயதோ சுமார் 455 கோடி ஆண்டு. தாய் தாயாகவும் மகள் மகளாகவும் அமைந்தனர்.

ஒருமுறையால் 67, மற்றொரு முறையால் 73 என்று இரு விடைகள் கிடைப்பதால், அச்சாய்வை அறிஞர்கள் இன்றும் அளந்துகொண்டே இருக்கின்றனர். ஆதலின், ஒரு வரைபடத்தைக் காணும்போது கோட்டின் நேர்மையை மட்டும் கண்டு அமையாது, எதற்கு எது எவ்வளவு மிகுகின்றது, அளந்த கோல் செம்மையானதா என்னும் இரண்டையும் ஆராய்தல் நம் கடனாகும்.