அருணந்தி சிவாசாரியர் வரலாறும் பகுத்தறிவும்

பசறையிலிருந்து பிபிலை நோக்கிச் செல்லும் பெருவழியில், மலைச்சரிவுகளிலெல்லாம் தேயிலை பரந்து நிற்கும் ஊர் லுணுகலை. இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சார்ந்த சைவ மக்களின் முன்னோர், தமிழ்நாட்டினின்றும் கடல் கடந்து வந்த காலத்தே பெரும்பொருள் கொணர்ந்தாரல்லர். தம் தெய்வ வழிபாட்டினைக் கொணர்ந்தனர். அவ்வழிபாடு இன்றும் குன்றாது நிகழ்கின்றது. ஆயினும், அண்மையில் நம் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்ந்த ஒரு செய்தி நம் உள்ளத்தை வருத்தியது. உயர்தர வகுப்பிற் பயிலும் தோட்டத்து இளைஞர் ஒருவர் எழுந்து, கண்ணாற் காணப்படாத கடவுளை உண்டென்று கொள்ளுதற்கு ஏது யாதென வினவினார். பெரியவர் ஒருவர் சினந்து, அது நாத்திகர் வினாவென்று கூறி அவரை அமர்த்திவிட்டார். அவ்விளைஞர் அதன்பின் கூட்டத்திற்கு வந்திலர். அப்பொழுது வாளாவிருந்த நமக்கும் அப்பிழையிற் பங்குண்டு. பகுத்தறிவுக்குச் சைவத்தில் இடமுண்டோ என்னும் ஐயம் பலர்க்கும் உளதாதலின், வினாவினாலேயே அருள் பெற்ற ஓர் ஆசாரியரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சந்தானாசாரியர் நால்வருள் இரண்டாமவர் அருணந்தி சிவாசாரியர். நான்காமவராகிய உமாபதி சிவாசாரியர் தாம் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திற் சகம் 1235 என ஆண்டு குறித்துள்ளார். அது கி.பி. 1313 ஆகும். அவர்க்கு ஆசிரியர் மறைஞானசம்பந்தர். அவர்க்கு ஆசிரியர் நம் அருணந்தியார். ஆதலின் இவர் வாழ்ந்த காலம் 13ஆம் நூற்றாண்டென்று துணிகின்றோம். அக்காலத்தை நாம் கண்டிலோம். கண்ட ஒன்றைக்கொண்டு காணாத ஒன்றை உணர்ந்தோம். இவ்வாறு உணர்தலையே நூலோர் கருதலளவை என்பர்.

இவர் சுந்தரமூர்த்தி நாயனாராற் பாடப்பெற்ற திருத்துறையூரில் ஆதிசைவர் மரபில் தோன்றியவர். ஆகமங்கள் இருபத்தெட்டினையும் ஐயமறக் கற்றமையாற் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றார். திருப்பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர் என்னும் செல்வர்க்கு இவரே குலகுரு. மகப்பேறின்றி வருந்திய அவர் தம் குருவை அடைந்தபொழுது, பண்டிதர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்க, திருவெண்காட்டுத் திருப்பதிகம் வெளிப்பட்டது. களப்பாளர் தம் மனைவியாரோடு அத்தலத்தை அடைந்து, முக்குள நீராடி வழிபட்டு, ஆண்மகவு ஒன்றைப் பெற்றார். வெண்காட்டிறைவர் பெயரால் அக்குழந்தைக்குச் சுவேதவனப் பெருமாள் எனப் பெயரிட்டனர். திருவெண்ணெய்நல்லூரில் மாமனாரில்லத்தில் வளர்ந்த அப்பிள்ளைக்குப் பரஞ்சோதி முனிவர் ஞானோபதேசஞ் செய்து, மெய்கண்டார் என்னும் பெயரும் அருளினார் என்பது மரபு வழிவந்த வரலாறு.

பின்னர்ப் பண்டிதரது மாணாக்கர் ஒருவர்பின் ஒருவராக மெய்கண்டாரிடஞ் சென்று பாடங்கேட்கத் தொடங்கினர். தாம் வேண்டிக் கொடுத்த வரத்தினாற் பிறந்த பிள்ளை தம் மாணாக்கரை ஈர்த்தல் பண்டிதர்க்குப் பொறுக்கவில்லை. அவர் திருவெண்ணெய்நல்லூரை அடைந்தபொழுது, மெய்கண்டார் ஆணவமலத்தின் இயல்பினை விரித்துரைத்துக்கொண்டிருந்தார். பண்டிதர் நின்றவாறே, ஆணவத்தின் வடிவம் எத்தன்மைத்து என வினவினார். மெய்கண்டார் வாய்திறந்திலர், வினவி நின்ற பண்டிதரையே சுட்டுவிரலாற் காட்டினார். அந்த அளவில் பண்டிதரது செருக்கு அகன்றது. வயது, மரபு, கல்வி ஆகிய மூன்றானும் மேலானவரென உலகம் மதித்த அவர், அச்சிறு பிள்ளையின் திருவடியில் வீழ்ந்து வணங்கினார். மெய்கண்டார் அவரை ஆட்கொண்டு, அருணந்தி என்னும் தீக்கைப்பெயர் சூட்டினார்.

ஆசிரியர் பணித்தவாறு அருணந்தியார் சிவஞானபோதத்திற்கு வழிநூலாகச் சிவஞானசித்தியாரை இயற்றினார். தம் ஆசிரியரை முன்னிலைப்படுத்தி இயற்றிய இருபா இருபஃது என்னும் நூலும் இவரதே. சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு கூறுடையது. பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்கள் ஆராயப்படுகின்றன. ஒவ்வொரு மதத்தினையும் அம்மதத்தார் கொண்டவாறே முதலில் நிறுத்தி, அதன்பின்னரே மறுக்கின்றார். காட்சியொன்றே அளவையென்று கடவுளை மறுக்கும் உலகாயதனுக்கே முதலிடம். நம் கூட்டத்தில் எழுந்த வினாவினை எழுநூறாண்டுகட்கு முன்னரே சபையின்கண் அமர்த்திக் கேட்டவர் அருணந்தியார்.

சுபக்கமோ அளவையியலோடு தொடங்குகின்றது. ஒரு பொருளை உண்டென்று சொல்லுமுன், அதனை எவ்வாறறிந்தாய் என்னும் வினாவிற்கு விடை வேண்டுமன்றோ? பிறர் ஆறென்றும் பத்தென்றும் விரித்த அளவைகளை ஆசிரியர் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். உயரமான மலையிற் கொழுந்து பறிக்கும் ஒருத்தி, கீழே தொழிற்சாலைப் புகைபோக்கியிற் புகை எழக்கண்டு, உள்ளே அடுப்பு எரிகின்றதெனத் துணிகின்றாள். தீயை அவள் கண்டிலள். ஆயினும் அவள் அறிவு பொய்யன்று. காண்பதொன்றே மெய்யென்பாரும் இவ்வளவையை விட்டு ஒருநாளும் வாழார். சிவஞானபோதத்து முதற்சூத்திரமும், தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தைக் கண்டு, அதற்கொரு முதல்வனுண்டெனக் கருதலாலேயே நிறுவுகின்றது. இவ்வேதுவினை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். எனினும் ஏது காட்டவேண்டும் என்பதில் நம் ஆசாரியர்க்கு ஐயமில்லை.

மேனாட்டிற் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து (1596–1650), அனைத்தையும் ஐயுற்றாலும் ஐயுறும் தன்னை ஐயுறவியலாதென்று கண்டார். சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரமோ, இது ஆன்மா அன்று, அதுவும் அன்று என ஒவ்வொன்றாக மறுத்துச் செல்லும் அறிவு ஒன்று உளதாதலின் ஆன்மா உண்டென்று அவர்க்கு முன்னரே ஏது காட்டிற்று. இருவர் முடிபும் ஒன்றெனக் கூறோம். வழி அணித்தென்பதே நம் கருத்து. அவர்வழி வந்தோர் அறிவே ஞானத்திற்கு முதலென்றனர். ஆங்கிலநாட்டு உலோக்கு முதலியோர் புலனனுபவமே முதலென்றனர். செருமானிய அறிஞர் காண்டு 1781இல் வெளியிட்ட நூலில், இரண்டும் கூடியே அறிவு பிறக்குமென்றும், அறிவுக்கு எல்லையுண்டென்றும் காட்டினார்.

அவ்வெல்லையினையே திருவெண்ணெய்நல்லூர் நிகழ்ச்சியும் உணர்த்துகின்றது. பண்டிதர் ஆகமங்களையெல்லாம் ஆராய்ந்தார்; ஆராயும் தம்மைமட்டும் ஆராய்ந்திலர். பகுத்தறிவு பிறபொருளையெல்லாம் அளந்து, அளப்பவனது செருக்கினை அளவாது விடுமாயின் அது பாதிவழியில் நின்றதேயாம். அச்செருக்கு வினவுவார்க்கு மட்டுமே உரியதன்று. வினாவை அடக்குவார்க்கும் உரியது. பண்டிதர் வினவியிராவிடின் அவ்விரல் அவரைச் சுட்டியிராது. மெய்கண்டார் சினந்து அவரைப் போக்கியிருப்பின் நமக்குச் சித்தியார் கிடைத்திராது.

சிவஞானபோதத்தை 1895இலும் சித்தியாரை 1913இலும் நல்லசாமிப் பிள்ளை அவர்கள் ஆங்கிலத்தில் வெளியிட்டமையால், பிறநாட்டாரும் இந்நூல்களைப் படித்து வினா எழுப்புகின்றனர். நம் மலைநாட்டு இளைஞர் எழுப்புதற்குத் தடை யாது? ஆதலின் நம் சங்கத்தார் இனி ஒவ்வொரு கூட்டத்திலும் சித்தியார் அளவையியலைப் படித்து, வினாவுக்கென ஒருபொழுது ஒதுக்குவாராக. அவ்விளைஞரை அவரது இல்லஞ் சென்று அழைத்துவருதல் நம் கடன். விடை தெரியாவிடத்துத் தெரியாதென்று கூறுதலும் நமக்கு இழிவன்று. ஒரு சிறு பிள்ளையின் முன் வணங்கிய ஆசாரியரை நாம் வழிபடுகின்றோமென்பதை மறவாதிருப்போமாக.